நடைபழகும் பிள்ளையோடு ஊர் மாறுகிறவர்களுக்கு

காரைக்கால் சின்ன ஊர்தான். ஆனால் இங்கிருந்து தூரதேசம் போனவர்கள் ஏராளம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்கும் ரீயூனியனுக்கும் கப்பலேறினார்கள். பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் கண்டு, நிரவியில் ஓஎன்ஜிசி அலுவலகம் வந்த பிறகு மாற்றல் உத்தரவு என்பது பல வீடுகளில் பழகிப்போன காகிதம். அசாமில் சிவசாகர், நாசிரா. குஜராத்தில் அங்கலேஸ்வர், மெஹ்சானா. இல்லையென்றால் டேராடூன், மும்பை. திருவேட்டக்குடி என்ஐடியிலும் காரைக்கால் ஜிப்மரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளும் இப்படித்தான் இடம் மாறுகிறார்கள்.

மாற்றல் உத்தியோகக் குடும்பத்தில் வாழ்ந்து முடித்தவள் நான். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையோடு முதல்முறை கிளம்பும் இளம் தம்பதிகள் என்னிடம் கேட்பதெல்லாம் லாரி வாடகையும் வீட்டு அட்வான்சும்தான். குழந்தையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. குழந்தைக்கு எது ஊர் என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் காரைக்கால் என்றால் கடற்கரை, அம்மையார் கோயில், திருநள்ளாறு, அரசலாறு, சொந்தபந்தம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் ஊர் ஆகாது. எழுந்ததும் யார் தூக்குகிறார்கள், பால் எந்த டம்ளரில் வருகிறது, குளித்தபின் என்ன, சோறு ஊட்டும்போது எங்கே நிறுத்தி வேடிக்கை காட்டுகிறார்கள், தூங்கும்போது யார் குரல் கேட்கிறது: இந்த வரிசைதான் அதன் ஊர். அந்த வரிசையைக் கலையாமல் கொண்டுபோனால் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் குழந்தை தாங்கும். வரிசை கலைந்தால் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அழும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே குழந்தையின் ஒரு நாளை, விடிந்ததிலிருந்து தூங்கும் வரை, ஒரு தாளில் எழுதி வையுங்கள். புது ஊரில் முதல் பத்து நாள் அதைப் பார்த்தே நடத்துங்கள்.

2. நாள் குறிக்கும்போது வானத்தையும் பாருங்கள்.

ஆடி, மார்கழி வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் புயல் பருவம். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டா முழுக்க நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, போக்குவரத்து குலைந்தது. அந்த மாதங்களில் கிளம்பினால் நடுவில் இரண்டு நாள் இடைவெளி வைத்துத் திட்டமிடுங்கள். ஆனி முதல் ஆவணி வரை அசாமில் வெள்ளக் காலம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத பெட்டியில் வடக்கே இரண்டு நாள் போவது கைப்பிள்ளைக்கு ஆகாது. உத்தரவில் சேரும் தேதி குறுகலாக இருந்தால் அப்பா முதலில் போய் வீடு பார்த்து வைக்கட்டும். ஆனால் அந்தப் பிரிவை மாதக்கணக்கில் நீட்டாதீர்கள்.

3. பெரிய மாற்றங்களை ஒன்றாகக் கொட்டாதீர்கள்.

புது ஊருக்குப் போகிறோம், அதோடு பால்குடியையும் நிறுத்திவிடலாம், கழிவறைப் பழக்கத்தையும் ஆரம்பித்துவிடலாம், தனியாகப் படுக்கவும் பழக்கலாம் என்று நினைக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒன்றரை மாதமும் போய்ச் சேர்ந்தபின் இரண்டு மாதமும் குழந்தையிடம் புதிதாக எதையும் கேட்காதீர்கள். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தரலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நிறுத்தும் அவசரம் எதுவும் இல்லை.

4. காகிதங்களை ஒரே உறையில், கையில் வையுங்கள்.

குழந்தையின் பெயர் சேர்த்த பிறப்புச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத சான்றோடு போய்விட்டு, பிறகு நகராட்சிக்காக அங்கிருந்து ஓடி வருகிறவர்கள் உண்டு. 2023 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, அன்று முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றுதான் ஆதாரம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகை இல்லாத நீலநிற ஆதார் கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் புது ஊரில் அடுப்பு எரிய நாளாகும். பாதிக்கப்படுவது பால் குடிக்கும் பிள்ளை.

5. தடுப்பூசி அட்டையை நகையைவிடப் பத்திரமாக வையுங்கள்.

பதினாறு மாதம் முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு ஊக்கத் தவணை, வைட்டமின் ஏ ஆகியவை உண்டு. ஊர் மாறும் பரபரப்பில் விட்டுப்போவது பெரும்பாலும் இவைதான். தவணை நெருங்கியிருந்தால் இங்கேயே போட்டுவிட்டு, காய்ச்சல் தணிய நான்கைந்து நாள் விட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் அங்கே எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். யு-வின் தளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவு இருந்தால் நாட்டில் எங்கு போனாலும் பழைய தவணைகள் தெரியும். ஆனாலும் அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். அசாமுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அந்நோய் பரவும் மாவட்டங்களில் ஒன்பது மாதத்திலும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள்ளும் அது அரசுத் திட்டத்திலேயே போடப்படுகிறது.

6. லாரியில் போவது வேறு, குழந்தையோடு போவது வேறு.

சாமான் லாரி சொன்ன நாளில் வரும் என்று நம்பி எதையும் அனுப்பாதீர்கள். குழந்தைக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதெல்லாம் உங்கள் கையோடு வர வேண்டும். அதில் முதலிடம் தூளிச் சேலைக்கு. அதைத் துவைக்காமல் எடுத்துப்போங்கள், பழகிய வாசனை இருக்கட்டும். நம் பக்கத்து வீடுகளில் உத்திரத்தில் கொக்கி இருக்கும். அங்கே வாடகைக் குடியிருப்பில் மின்விசிறிக் கொக்கியைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்தக் கொக்கியில் ஒருபோதும் தூளி கட்டாதீர்கள். மடக்கு ஸ்டாண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டம்ளர், சோறு பிசையும் கிண்ணம், பிடித்த பொம்மை, தலையணை, இவற்றைப் "புதுசு வாங்கிக்கலாம்" என்று விட்டுப் போகாதீர்கள். பெரியவர்களுடைய பொருளைக் குறையுங்கள், பிள்ளையுடையதைக் குறைக்காதீர்கள்.

7. ரயிலா விமானமா என்பதைக் குழந்தையை வைத்து முடிவு செய்யுங்கள்.

ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். இரண்டு இரவுக்கு மேல் பயணம் என்றால் அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒரு படுக்கையில் தாயும் நடக்கத் தெரிந்த பிள்ளையும் உறங்க முடியாது. முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பு திறக்கிறது, அன்றே கீழ்ப்படுக்கை கேட்டுப் பதியுங்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அப்படி ஒரே மூச்சில் போகாதீர்கள். காரைக்காலிலிருந்து இரவு ரயிலில் சென்னை, அங்கே உறவினர் வீட்டில் ஒரு நாள் ஓய்வு, பிறகு விமானம் என்று பிரித்துப் போவது நல்லது. சிவசாகருக்குப் பக்கத்து விமான நிலையம் ஜோர்ஹாட். விமானத்தில் பயண நாளன்று இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம், நிறைந்துவிட்டால் தனி இருக்கை. விமானம் இறங்கும்போது பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள், காது வலி குறையும்.

8. வழியில் வயிற்றைப் பழகியதோடு வையுங்கள்.

முதல் நாளுக்கு இட்லி, நல்லெண்ணெய் தடவியது. பிறகு பூவன் பழம், வறுத்தரைத்த சத்துமாவு, வெந்நீர் ஊற்றினால் கஞ்சியாகும் அரிசி-பாசிப்பருப்பு மாவு. பிளாஸ்கில் கொதித்து ஆறிய நீர். நடைமேடையில் வெட்டி வைத்த பழமும் திறந்து வைத்த பாலும் வேண்டாம். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடலைமிட்டாய் ஆகியவை ஆடும் வண்டியில் தொண்டையில் சிக்கும், கொடுக்காதீர்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு வையுங்கள். பொட்டலத்தில் எழுதிய அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும். கரைத்ததை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

9. தூங்குவதற்கென்று மருந்து கொடுக்காதீர்கள்.

இதை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். "ரயில்ல அழாம வரும், கொஞ்சம் சளி மருந்து ஊத்திடு" என்று சொல்கிறவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் கலப்பட இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்ததை மறக்க முடியுமா? அப்போது மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட அறிவுரையில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் சொல்லப்பட்டது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கையில் இருக்கட்டும். அதுவும் ஒவ்வொரு கம்பெனியில் ஒவ்வொரு திடத்தில் வரும். குழந்தையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதே புட்டியை எடுத்துப்போங்கள். அழுதால் தூக்கிக்கொண்டு நடங்கள். சக பயணிகள் பொறுத்துக்கொள்வார்கள்.

10. முதல் ராத்திரி படுக்கைதான் முக்கியம்.

புது வீட்டில் பால் காய்ச்சி முடித்ததும் எல்லாரும் பெட்டியைப் பிரிக்கத் தொடங்குவார்கள். அதை விடுங்கள். முதலில் குழந்தை தூங்கும் மூலையைத் தயார் செய்யுங்கள்: பழைய விரிப்பு, பழைய தலையணை, கொசுவலை. அன்றிரவு வழக்கமான நேரத்துக்கு வழக்கமான பாட்டோடு தூங்க வையுங்கள். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பதினொன்று முதல் பதினான்கு மணி நேரத் தூக்கம் வேண்டும். பயணத்தில் இழந்ததைத் திரும்பப் பெற நாலைந்து நாள் ஆகும். அதுவரை விருந்து, ஊர் சுற்றல் எதுவும் வேண்டாம்.

11. தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்.

நம் வீடுகள் பெரும்பாலும் தரைத்தளம், திண்ணை, முற்றம். அங்கே மூன்றாவது மாடியில் பால்கனி இருக்கும். கம்பி இடைவெளியில் குழந்தையின் தலை நுழையுமா என்று பாருங்கள். நுழையுமென்றால் குடிபோகும் முன்பே வலை அடியுங்கள். பால்கனியில் ஏறி நிற்கும்படி நாற்காலியோ பெட்டியோ கிடக்கக் கூடாது. குளியலறை வாளியில் நீர் நிறைத்து வைக்காதீர்கள். நான்கு விரல் ஆழ நீரிலும் தலைகுப்புற விழுந்த குழந்தை எழ முடியாமல் போகும். பினாயில், ஆசிட் ஆகியவற்றைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பிரிக்காத அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். முதல் வாரத்திலேயே குழந்தை மருத்துவர் யார், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 108 ஆம்புலன்ஸ் எண் அசாம், குஜராத் இரண்டிலும் உண்டு.

12. சூரியனும் குளிரும் அங்கே வேறு.

நாடு முழுக்கக் கடிகாரம் ஒன்றுதான், வெளிச்சம் ஒன்றல்ல. சிவசாகர் நமக்குப் பதினைந்து பாகை கிழக்கே. ஜூன் மாதத்தில் அங்கே நாலே கால் மணிவாக்கில் விடிந்துவிடும்; டிசம்பரில் மாலை நாலரைக்கே பொழுது சாயும். தேயிலைத் தோட்டங்களில் இதற்காகவே ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் தோட்டக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கெட்டித் திரை போடாவிட்டால் குழந்தை நாலரைக்கு எழுந்து நிற்கும். நீங்களும் தோட்டக்காரர்கள்போல் எல்லாவற்றையும் ஒரு மணி முன்னால் நகர்த்திவிடுவது நல்லது. அங்கலேஸ்வரில் கோடையில் ஏழேகால் மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அங்கே மாலையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்க வையுங்கள். மார்கழி, தைக் குளிர் நம் பிள்ளைகள் அறியாதது. கெட்டியான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லிய துணி இரண்டு மூன்று அடுக்கு நல்லது. அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தாதீர்கள். புகை உயிரைக் குடிக்கும்.

சாப்பாட்டில் அசாம் நமக்கு நெருக்கம், சோறும் மீனும் அங்கேயும் உண்டு. ஆனால் நாம் பிள்ளைக்கு ஊட்டிப் பழகியது கடல்மீன். அங்கே கிடைக்கும் ரோகு, கட்லா மீன்களில் சதைக்குள் கவட்டை முள் இருக்கும். விரலால் முழுக்கப் பிசைந்து பார்த்த பிறகே ஊட்டுங்கள்.

13. பேச்சு குறைந்தால் பதறாதீர்கள்.

புது இடத்தில் குழந்தை சில வாரம் மௌனமாகலாம். விட்டுப்போன பழக்கம் திரும்பலாம்: படுக்கையை நனைக்கும், இடுப்பைவிட்டு இறங்காது, இரவில் எழுந்து அழும். திட்டாதீர்கள், பிற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். பொதுவாக ஓரிரு மாதத்தில் சரியாகும். ஆகாவிட்டாலோ, தெரிந்த சொற்களை அடியோடு விட்டுவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் தமிழே பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அசாமியோ குஜராத்தியோ தானாக வரும். இரண்டு மொழி குழந்தைக்குச் சுமை ஆகாது. அக்கம்பக்கத்தில் உள்ள அங்கன்வாடியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சத்துணவும் எடை பார்ப்பதும் கிடைக்கும், உங்களுக்கும் நாலு பெண்கள் அறிமுகமாவார்கள்.

14. தம்பி, இது உனக்கு.

உனக்கு அலுவலகத்தில் முதல் நாளே மனிதர்கள் கிடைத்துவிடுவார்கள். உன் மனைவிக்கு மொழி தெரியாத ஊரில், பூட்டிய வீட்டில், ஒரு குழந்தையும் பிரிக்காத பெட்டிகளும்தான். ரிக் வேலை என்றால் பதினான்கு நாள் வீட்டிலேயே இருக்க மாட்டாய். போனதும் குறைந்தது பத்து நாளாவது விடுப்புச் சொல்லி வை. ஒவ்வொரு நாளும் குழந்தையின் ஒரு வேலை, குளிப்பாட்டுவதோ சோறூட்டுவதோ, முழுக்க உன்னுடையதாக இருக்கட்டும். அவள் சோர்ந்து, சாப்பிடாமல், காரணமில்லாமல் அழுதால் "பழகிடும்" என்று தள்ளிவிடாதே. மருத்துவரிடம் அழைத்துப் போ. அம்மா தாங்கினால்தான் பிள்ளை தாங்கும்.

15. தாத்தா பாட்டிகளே, உங்களுக்கும் ஒன்று.

வழியனுப்பும்போது குழந்தை முன்னால் கதறாதீர்கள். தூங்கும் நேரத்தில் ஓசைப்படாமல் கிளம்பச் சொல்லாதீர்கள்; விழித்துப் பார்க்கும் பிள்ளை ஏமாந்துபோகும், பிறகு தூங்கவே பயப்படும். "போய்ட்டு வரேன்" சொல்லி, கையசைத்து அனுப்புங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் பேசுங்கள், பத்து நிமிடம் போதும். சிறு குழந்தைக்குத் திரை வேண்டாம் என்கிற மருத்துவர்களும் உறவுகளோடு முகம் பார்த்துப் பேசுவதை விலக்குவதில்லை. முடிந்தால் உங்களில் ஒருவர் முதல் மாதம் கூடப் போய் இருங்கள். பெற்றவர்களும் ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவுக்கு விடுப்பு போட்டு, பிள்ளையை ஆண்டுதோறும் ஊருக்கு அழைத்து வரட்டும்.

பிள்ளைகளே, லாரி இரண்டு நாள் தாமதமாகலாம், பீரோ கீறலாம், பாத்திரம் நசுங்கலாம். அதெல்லாம் திரும்ப வாங்கக்கூடியது. குழந்தையின் பால், தூக்கம், மடி, குரல் இவற்றை மட்டும் ஒரு நாளும் தவறவிடாதீர்கள். கிளம்பும் முன் அந்தத் தாளை எழுதுங்கள்; இன்றைக்கே எழுதுங்கள்.